பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சென்சார் மாற்றுவதற்கு முன்: வேலூர் வெயிலில் கார் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வேலூருக்கு ஓட்டி வருபவர்களுக்கு முதல் சோதனை பெரும்பாலும் முதல் கோடையில்தான் வருகிறது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது மீட்டர் பலகையில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியத் தொடங்கும். பட்டறைக்குப் போனால் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, ஏதோ ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லி, அதை மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றிய பத்தாவது நாள் அதே விளக்கு மறுபடியும் எரியும். இந்த நிலைக்கு வந்துவிட்டவர்களுக்காகவும், வரப்போகிறவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்ட, இரண்டு கதவுகள் உள்ள ஐரோப்பிய கார். இப்போது 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கீழே நான் தரும் அளவுகளில் பல அந்த வகை என்ஜினுக்கு உரியவை. உங்கள் காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வேலை செய்யும் முறை மட்டும் எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் ஓடிய காரில் சென்சார் மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. சென்சார் தான் உணர்வதை மட்டுமே சொல்கிறது. காற்று கசிந்தாலும், பேட்டரி தளர்ந்தாலும், எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் புகார் ஏதோ ஒரு சென்சாரின் பெயரில்தான் பதிவாகும். என் காரில் "பி 0171" என்ற குறியீடு, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற புகார், திரும்பத் திரும்ப வந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில், வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றினேன். பிறகு சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, டார்ச் விளக்கை வாயில் கடித்துக்கொண்டு, என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்து ஒரு ரப்பர் குழாயை அழுத்தினார். மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த என்ஜின் சத்தம் ஒரே சீராக நின்றது.

"என்ன பாய், சென்சார் இல்லையா?" என்றேன்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஓஸ் வெடிச்சிருக்கு. அது உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு" என்றார்.

வெளியே எடுத்துப் பார்த்தபோது அந்தக் குழாயின் வளைவில் நகம் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. விரலால் மடக்கியதும் காய்ந்த அப்பளம் போல உடைந்தது. அன்று முதல் என் வேலை வரிசை மாறிவிட்டது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

நம் ஊர் காருக்கு என்ன செய்கிறது

வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சுற்றிலும் இருக்கும் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன. இந்தச் சூட்டில், ஓடி நின்ற டர்போ காரின் பானெட்டுக்கு அடியில் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், என்ஜினை அணைத்த பிறகு சில நிமிடங்களுக்கு அங்கே வெப்பம் இன்னும் ஏறுகிறது. ரப்பர் குழாய்கள் இறுகுகின்றன. பிளாஸ்டிக் கனெக்டர்களின் பூட்டு நாக்குகள் தொட்டாலே முறிகின்றன. ஒயரின் மேலுறை வெடிக்கிறது. பாலாற்று மணலும் நெடுஞ்சாலைத் தூசியும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடுகின்றன. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிகிறது. இவற்றோடு எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த ஷெட்டில் நிற்கும் காரில் எலி கடித்த ஒயரைச் சென்சார் கோளாறு என்று எண்ணிச் செலவழித்தவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. ஆகவே கிலோமீட்டர் கணக்கோடு காரின் வயதையும் எண்ணிப் பாருங்கள்.

தேவையான கருவிகள்

ஒரு மல்டிமீட்டர், கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஜாக்கி, காரைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள், எலெக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர், துரு இளக்கும் ஸ்பிரே, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். ஆக்சிஜன் சென்சாருக்கு மட்டும் பக்கவாட்டில் பிளவு உள்ள 22 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் தனியாக வேண்டும். கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் மலிவான ஸ்கேனர் என்ஜின் குறியீடுகளைக் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக் ஆகியவற்றின் குறியீடுகளைப் படிக்க உங்கள் கார் நிறுவனத்துக்கேற்ற ஸ்கேனர் தேவைப்படும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

முதல் படி: எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள்

விளக்கு எரிந்ததும் குறியீட்டை அழித்துவிட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். அப்படிச் செய்தால், கோளாறு நேர்ந்த கணத்தில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கார் என்ன வேகத்தில் போனது என்று காரின் என்ஜின் கணினி பதிவுசெய்து வைத்திருக்கும் விவரமும் சேர்ந்தே அழிந்துவிடும். அந்த விவரத்தில்தான் பாதி விடை இருக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினில் வந்த புகாரும், மதியம் இரண்டு மணிக்கு நெரிசலில் வந்த புகாரும் ஒன்றல்ல. எனவே குறியீடு, நேரம், வெயில், ஓடிய தூரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பேட்டரியும் எர்த்தும்

இரவு முழுவதும் நின்ற காரில் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இது குறைவாக இருந்தால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நான்கைந்து சென்சார்களின் பெயர்கள் ஒரே நாளில் ஸ்கேனரில் வரும். அப்படி வந்தால் சென்சார்களை மறந்துவிட்டு பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஒயர் ஆகிய மூன்றையும் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு முள்ளையும், என்ஜினின் வெறும் உலோகத்தில் மற்றொரு முள்ளையும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு இருக்கிறது என்று பொருள். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, மீண்டும் இறுக்கினால் போதும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றும் முன் மியூசிக் சிஸ்டத்துக்குப் பூட்டு எண் ஏதும் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காற்றுக் கசிவு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்கேனரில் "ஃபியூயல் டிரிம்" என்ற அளவு இருக்கும். கணினி தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது சதவீதத்தில் சொல்லும். கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. என்ஜின் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், ஒரு முறையும், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறையும் இந்த அளவைப் படியுங்கள். ஐடிலில் 15, 20 என்று ஏறி நின்று, ஆர்பிஎம் கூடியதும் 3, 4 என்று இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறு கசிவும் பெரிதாகத் தெரிகிறது; வேகம் கூடும்போது அது கரைந்துவிடுகிறது. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து ஆர்பிஎம் கூடக் கூட அளவும் ஏறினால், பெட்ரோல் பம்ப், பெட்ரோல் ஃபில்டர், காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு பங்கு சாதாரண பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது, அதே காற்றுக்குக் கலப்பு எரிபொருள் சற்று அதிகம் தேவை. எனவே சாதாரண பெட்ரோலுக்கு அமைக்கப்பட்ட பழைய காரில் டிரிம் 5, 6 சதவீதம் மேலே நிற்பது கோளாறு அல்ல. ஆனால் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய்களை ஆண்டுக்கு ஒரு முறை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்போ பெட்ரோல் வாசனையோ இருந்தால் அன்றே மாற்றுங்கள். தீ விபத்து விஷயத்தில் நாளை என்ற பேச்சே கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போவதுதான். வீட்டில் பார்ப்பதானால், என்ஜின் ஓடும்போது சந்தேகமான இணைப்புகளில், மின் இணைப்புகளையும் சூடான எக்ஸாஸ்ட்டையும் தவிர்த்து, மெல்லிய ஸ்பிரேயால் தண்ணீர் தெளியுங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் ஐடில் சத்தம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

நான்காம் படி: வழக்கமான பராமரிப்பு

காரின் பழைய சர்வீஸ் விவரம் உங்களுக்குத் தெரியாவிட்டால், எதுவும் செய்யப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும் வகை என்ஜின்கள் பல உண்டு. என்னுடையதும் அந்த வகைதான். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் பம்ப் பின்னாளில் கெட்டால் அதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்; பழகுபவர்கள் கற்றுக்கொள்ளும் வேலை இது அல்ல.

என்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை, கையேட்டில் 15,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் நம் வெயிலில் டர்போ காருக்கு 7,500-இல் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. டர்போவின் பேரிங்கைக் காப்பாற்றுவது அந்த ஆயில்தான். அது கருகிப் படிந்தால் நுண்ணிய வழிகள் அடைபடும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள்.

கூலன்ட்டில் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்று கலந்து ஊற்றுங்கள். பழையது துரு நிறத்தில் வந்தால், நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் ஃபேனையும் அப்போதே சோதித்துவிடுங்கள். அழுத்தம் தாங்காத மூடி இருந்தால் கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடிக்குத் தயங்கி ஹெட் கேஸ்கெட்டை இழக்க வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகையில் புதியது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் காலிப்பர் எவ்வளவு சூடாகும் என்று எண்ணிப் பாருங்கள். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டயர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கை குளிர்ந்த என்ஜினில் மட்டும் கழற்றி, புதியதை 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பரை வேகமான காரில் நம்பக்கூடாது.

இவையெல்லாம் முடிந்த பின்னும் அதே குறியீடு வந்தால், இப்போது சென்சாரைத் தொடலாம்.

கூலன்ட் வெப்பச் சென்சார்

புதிதாகக் கற்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். விலை குறைவு, வேலை எளிது, பலன் பெரிது. இது பழுதாகி, என்ஜின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால், கணினி தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறையும், சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பிளக் கரி படியும். மீட்டர் முள் சரியாக நிற்பதை வைத்து ஏமாறாதீர்கள். நான்கு பின் கொண்ட வகைகளில் மீட்டருக்கு ஒரு பகுதி, கணினிக்கு ஒரு பகுதி என ஒரே கூட்டுக்குள் இரண்டு இருக்கும். ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றொன்று கெட்டிருக்கலாம்.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இரவு முழுவதும் நின்ற காரில், விடியற்காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் வெளிவெப்பத்தோடு இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

அடுத்த சோதனையை அடுப்பங்கரையில் செய்யலாம். என்ஜின் முழுவதும் குளிர்ந்தபின், கூலன்ட் மூடியை மெதுவாகத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, சென்சாரின் கிளிப்பை இழுத்து வெளியே எடுங்கள். துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் கூலன்ட் அதிகம் வீணாகாது. உடனே ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகுங்கள். சமையலுக்கு இனி பயன்படுத்தாத பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பின்களில் மல்டிமீட்டரை இணையுங்கள். என் காருக்கான அளவு 30 டிகிரியில் 1,500 முதல் 2,000 ஓம். 80 டிகிரியில் 275 முதல் 375 ஓம். சூடு ஏற ஏற எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். என் பழைய சென்சார் 60 டிகிரி வரை ஒழுங்காக இறங்கி, பிறகு திடீரென 3,000-க்குத் தாவி, மறுபடி இறங்கியது. அந்தத் தாவலைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. புதியதைப் பொருத்தும்போது ரப்பர் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள்.

ஆக்சிஜன் சென்சார்

வாகனத்தில் இந்தச் சென்சார் முதன்முதலில் 1976-இல் வந்தது. போஷ் நிறுவனம் உருவாக்கியதை வால்வோ காரில் பொருத்தினார்கள். சாதாரண வகை, 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகு, வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பொறுத்து 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும். நல்ல சென்சார் சூடான என்ஜினில் 2,000 ஆர்பிஎம்மில் இந்த இரு எல்லைகளுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். வயதானது சோம்பலாக ஏறும், அல்லது நடுவில் 0.45-இல் நின்றுவிடும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் ஏறி இறங்காமல் நிலையாக நிற்பதே சரி. அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் தளர்ந்திருக்கலாம். காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் வைட்பேண்ட் வகைச் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

உள்ளே ஹீட்டர் கொண்ட சென்சார் ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். என் கார் போல 2 லட்சம் தாண்டியதில் அசல் சென்சார் இன்னும் இருந்தால், அது தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்றாலோ, கூலன்ட் உள்ளே கசிகிறது என்றாலோ, புதிய சென்சார் போடுவது விழலுக்கு இறைத்த நீர்தான். சில மாதங்களில் அதுவும் பூசப்பட்டுவிடும்.

கழற்றும் முறை இது. முதல் நாள் மாலையே மரையில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். மறுநாள் என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை சுடாமல் வேலை செய்யும் அளவுக்கு வெதுவெதுப்பு இருக்கும்போது, தடித்த கையுறையுடன் பிளவு ஸ்பேனரை மாட்டி ஒரே சீரான விசையில் திருப்புங்கள். கிறீச்சென்று சத்தமிட்டு இறுகினால் சற்றுப் பின்னோக்கி இறுக்கி, மீண்டும் ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் மரை கையோடு வந்துவிடும். புதியதன் மரையில் மட்டும், முனையில் படாமல், ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பல புதிய சென்சார்களில் அதைத் தொழிற்சாலையிலேயே தடவியிருப்பார்கள். சிலிக்கான் பசை எந்த இடத்திலும் வேண்டாம், அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும். 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

விலை குறைவு என்று பொதுவான சென்சார் வாங்கி ஒயரை வெட்டி இணைப்பவர்கள் ஈயப் பற்று வைக்க வேண்டாம். சென்சார் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளும் வெளிக்காற்று அந்த ஒயரின் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் செய்யும் இணைப்பானையே பயன்படுத்துங்கள். முடிந்தால் கனெக்டரோடு வரும் அசல் வகையையே வாங்குங்கள்.

காற்றை அளக்கும் சென்சார்

ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்துள்ள மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். அதற்கென்றே விற்கும் கிளீனரைத் தவிர வேறெதையும் அடிக்கக்கூடாது. பஞ்சோ, பிரஷ்ஷோ, விரலோ படக்கூடாது. பத்துப் பதினைந்து முறை அடித்து, அரை மணி நேரம் காயவிட்டுப் பொருத்துங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் ஆசையாகப் போடும், எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் இந்தச் சென்சாருக்கு எதிரி. அதிகமாகத் தடவிய எண்ணெய் அதன் மெல்லிய படலத்தில் போய் ஒட்டும். நம் ஊர்த் தூசிக்குச் சாதாரணக் காகித ஃபில்டரே மேல்.

கழுவிய பின்னும் சந்தேகம் இருந்தால் ஸ்கேனரில் காற்றின் அளவைப் பாருங்கள். என் 1.8 லிட்டர் என்ஜினில் சூடான ஐடிலில் வினாடிக்கு 2 முதல் 4 கிராம். முழு ஆக்சிலரேட்டரில் குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கினால் வரும் எண்ணை ஒட்டி இருக்க வேண்டும். 150 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 120 கிராம். 80-ஐக்கூடத் தொடவில்லை என்றால் சென்சாரின் காலம் முடிந்திருக்கிறது என்று கொள்ளலாம். இந்தச் சோதனையை ஒருவர் ஓட்ட, மற்றொருவர் படிக்கும் விதமாக மட்டுமே செய்யுங்கள்.

கிராங்க் சென்சார்

என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை உணர்ந்து கணினிக்குச் சொல்வது இது. இது கெட்டால் கார் நின்றுவிடும். பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஒரு மே மாத மதியம் என் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. சுற்றும்போது ஆர்பிஎம் முள் பூஜ்ஜியத்திலிருந்து அசையவே இல்லை என்பதைக் கவனித்தேன். பல கார்களில் கிராங்க் சென்சார் போனதற்கு அதுவே அடையாளம். சாலையோரப் புளியமரத்தடியில் நாற்பது நிமிடம் காத்திருந்தபின் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்கு வந்து குளிர்ந்தபின் அளந்தால் 800 ஓம், அதாவது 480 முதல் 1,000 வரை என்ற வரம்புக்குள்தான் இருந்தது. முடி உலர்த்தும் டிரையரால் சூடேற்றிக்கொண்டே அளந்தபோது எண் மறைந்து, சுற்று அறுந்ததாக மீட்டர் காட்டியது. சூட்டில் மட்டும் கெடும் சென்சாரைச் சூட்டில்தான் அளக்க வேண்டும். இந்த ஓம் கணக்கு இரண்டு ஒயரில் இயங்கும் சுருள் வகைக்கு மட்டும். உள்ளே மின்சுற்று கொண்ட ஹால் வகைக்குப் பொருந்தாது. இதில் மட்டும், 2 லட்சத்தைத் தாண்டிய காரில், கெடுவதற்கு முன்பே மாற்றிவிடச் சொல்வேன். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது நின்றால் ஆபத்து.

மற்றவை சுருக்கமாக. என்ஜினுக்குள் எழும் தட்டலை உணரும் நாக் சென்சாரை 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கூடினாலும் குறைந்தாலும் அது அதிர்வைத் தவறாகக் கேட்கும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கரச் சென்சாரை மாற்றும் முன் அதன் முனையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்து, வீல் பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். சக்கர போல்ட்டை மீண்டும் பூட்டும்போது 120 நியூட்டன் மீட்டர்.

உதிரி பாகம் வாங்குவது

பெட்டியின் மேல் உள்ள பெயரைவிடச் சென்சாரின் உடலில் பொறித்துள்ள எண் முக்கியம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எண்ணுக்கு எண் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் தேடலாம். புதுப்பேட்டையில் கழற்றிய பாகமாக கதவுக் கைப்பிடி, விளக்குக் கூடு போன்றவற்றை வாங்குவதில் தவறில்லை. கழற்றிய சென்சாரை மட்டும் வாங்காதீர்கள், அதன் வயது உங்களுடையதன் வயதுதான்.

பொருத்திய பிறகு

ஒரு நாளில் ஒரு சென்சாரை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, புதிதாக ஏதாவது வந்தால் எதனால் என்றும் தெரியாது. பொருத்தியபின் குறியீட்டை அழித்துவிட்டு, அரை டேங்குக்கு மேல் பெட்ரோலோடு, காலை வெயில் ஏறுவதற்கு முன் ஊருக்குள் பத்து நிமிடமும் பிறகு நெடுஞ்சாலையில் வாலாஜா வரையும் சீரான வேகத்தில் ஓட்டி வாருங்கள். கணினி தன் சுயபரிசோதனைகளை முடிக்க இரண்டு வகை ஓட்டமும் அதற்கு வேண்டும். திரும்பி வந்ததும் என்ஜினை அணைக்கும் முன் ஃபியூயல் டிரிமை மீண்டும் இரு நிலைகளிலும் படித்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் தேதி, கிலோமீட்டரோடு எழுதுங்கள். மறுநாள் காலை காரை எடுக்கும் முன் அது நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்; ஈரம் இருந்தால் கூலன்ட்டா, ஆயிலா என்று விரலில் தொட்டுப் பார்த்து, கூலன்ட் டப்பாவின் அளவுக்கோட்டையும் சரிபார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.